லவுட்ஸ்பீக்கர் இலட்சுமணனின் மரியாதைச் சொற்கள்

சரவணை ஊரில் லவுட்ஸ்பீக்கர் என்றால் பனையில் கட்டும் ஹோர்னும்தான், இலட்சுமணனும்தான். "லவுட்ஸ்பீக்கர் தோட்டத்துக்குள்ளை நிக்குது" என்று யாராவது சொன்னால், இலட்சுமணன் மிளகாய்க் கன்றுக்கு வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டு நிற்கிறார் என்று அர்த்தம். "லவுட்ஸ்பீக்கருக்குக் காய்ச்சலாம்" என்றால் யாராவது கொத்தமல்லி கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

அவருக்கு ஆண்டவன் கொடுத்த குரல் மிகவும் மெல்லியது. பக்கத்தில் இருந்து "தண்ணி தாரும்" என்று கேட்டாலும் மனைவி சறோஜினிதேவி, "என்ன, ஆரும் கூப்பிட்டவையே?" என்று படலையை எட்டிப் பார்ப்பாள். ஊர்க் கோடியில் இருக்கிற வைரவர் கோயிலில் ஒரு தேவாரம் பாடவேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே அவருடைய ஆசை. ஒருமுறை துணிந்து பாடியும் பார்த்தார். இரண்டாவது அடி வரும்போது பக்கத்தில் நின்றவர் ஓடிப்போய் செம்பில் தண்ணீர் எடுத்துவந்து நீட்டினார், பாவம், மனுசனுக்கு விக்கல் என்று நினைத்து.

அன்றைக்கே இலட்சுமணன் வைரவரோடு ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டார். "அப்பனே, எனக்குப் பாட ஏலாது. பாட்டுப் போடுறன். அதை என்ரை பாட்டாக் கேளும்." தோட்டத்தில் வந்ததை மிச்சம் பிடித்து ஹோர்னும் ஆம்பிளிபயரும் வாங்கினார். திருவிழாவுக்குத் திருவிழா அவர்தான் பாட்டுப் போடுவார். கூலி வாங்கமாட்டார். வைரவருக்குச் சாத்திய வடைமாலையிலிருந்து ஒரு வடை கிடைத்தால் போதும். மற்றவர்கள் கைகூப்பிக் கும்பிடும் நேரத்தில் அவர் வயரைப் பிடித்துக்கொண்டு கும்பிடுவார். வைரவர் குறை நினைத்ததாகத் தெரியவில்லை.

அந்த ஊர்ச் சனத்திடம் ஒரு குணம் உண்டு. லவுட்ஸ்பீக்கரில் வந்தது என்றால் அதற்கு மறு பேச்சே கிடையாது. ஒருமுறை புயல் வருகிறது, வீட்டை விட்டு வெளியே வரவேண்டாம் என்று கோயில் ஹோர்னில் அறிவித்தார்கள். புயல் வழி மாறி வேறு பக்கம் போய்விட்டது. அடுத்த நாள் நல்ல வெயில். மத்தியானம் ஆகியும் ஊரில் ஒரு கதவு திறக்கவில்லை. என்னவென்று விசாரித்தால், "வரவேண்டாம் எண்டு சொன்னது. பேந்து வாங்கோ எண்டு சொல்லேல்லையே" என்று யன்னலுக்குள்ளால் பதில் வந்தது. பிறகு ஹோர்னில் சொல்லித்தான் மாடுகளை அவிழ்த்துக் கட்டினார்கள்.

இப்படி ஒழுங்காய்ப் போய்க்கொண்டிருந்த தொண்டுக்கு இடைஞ்சல் வந்தது போன வருசப் பொங்கலில். பாட்டெல்லாம் சேர்த்து வைத்திருந்த பென்ட்ரைவை இலட்சுமணன் கழுத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். பொங்கல் பானையை எட்டிப் பார்க்கக் குனிந்தார். நூல் அறுந்தது. பால் பொங்கியபோது எல்லோரும் அரோகரா என்றார்கள். இலட்சுமணன் மட்டும் "ஐயோ" என்றார். அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் கனடாவிலிருக்கும் தம்பி ஒரு பழைய லப்டொப்பை அனுப்பினான். இனி இன்ரநெற்றில் தேடிப் பாட்டுப் போடலாம் என்றான். போடலாம்தான். ஆனால் இன்ரநெற் பாட்டுக்கு நடுவே விளம்பரம் வரும் என்பதை அவன் சொல்லவில்லை. இந்த வருசத் திருவிழாவின் முதல் நாள், வைரவருக்கு அபிசேகம் நடக்கும்போது, பனை உச்சியிலிருந்து ஒரு ஆண்குரல் ஊர் முழுக்கக் கேட்டது: "மூலநோயால் உட்கார முடியாமல் தவிக்கிறீர்களா?"

அந்த நேரம் பார்த்துக் கோயில் தலைவர் அம்பலவாணர் கதிரையில் இருப்பதற்காகக் குனிந்திருந்தார். தபாற்கந்தோரில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மரியாதை மிகவும் பார்ப்பவர். குனிந்தவர் அப்படியே நிமிர்ந்துவிட்டார். சனம் அவரைப் பார்த்தது. அன்று முழுவதும் அவர் இருக்கவே இல்லை.

பூசை முடிந்ததும் இலட்சுமணனைக் கூப்பிட்டார்.

"இலட்சுமணன், உமக்கு நான் ஒண்டும் சொல்லுறதில்லை. ஆனால் இன்னும் ஒருக்கா உந்த மருந்துச் சத்தம் கேட்டுதெண்டால், அடுத்த முறையிலிருந்து ஊர்காவற்றுறைப் பெடியளின்ரை சவுண்ட் செற்றுத்தான். உம்மடை ஹோர்னை நீர் தோட்டத்திலை கட்டி, குருவி கலைக்கிற வெருளிக்குப் பாவியும்."

இலட்சுமணன் பனை உச்சியைப் பார்த்தார். ஹோர்ன் போனால் போகட்டும், வைரவரோடு செய்த ஒழுங்கு என்ன ஆவது? இனி இந்த விக்கல் குரலையா அவர் கேட்பார்?

எப்படியோ மவுஸைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, விளம்பரம் தலைநீட்டியவுடன் தட்டித் தட்டி நாட்களை ஒப்பேற்றினார். லப்டொப்பில் விரலால் தடவுகிற இடம் விபூதி போய் எப்போதோ செத்துவிட்டது. மவுஸ் ஒன்றுதான் கதி. கடைசி நாள் மடை, வைரவருக்குப் பெரிய படையல். அதற்கு முதல் நாள் காலை, வடை தின்ற கையோடு மவுஸைப் பிடித்திருந்தார். கை கழுவ எழும்பிய நேரம், கோயில் கறுப்பன் வந்தது. கறுப்பன் யாருடைய நாயும் இல்லை. கோயில் வாசலில் படுத்திருக்கும். அதற்கு வடை வாசம் வந்ததா, வால் மாதிரி வயர் இருந்ததால் சந்தேகம் வந்ததா தெரியாது. மவுஸைக் கவ்விக்கொண்டு நடந்தது.

ஓடக்கூட இல்லை. நடந்தது. வைரவருடைய வாகனம் நாய். வைரவர் கோயிலில் நாய்க்குக் கல்லெறிய அந்த ஊரில் யாருக்குக் கை வரும்? இலட்சுமணன் பின்னாலேயே போனார்.

"கறுப்பன், ராசா, அது வடையில்லை. தாரும் பாப்பம்."

கறுப்பன் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு வேலிக்குள் நுழைந்தது.

அன்று பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து மருமகள் நிலக்சனா வந்தாள். சறோஜினிதேவியின் தமையனுடைய மகள். ரவுணில் ஒரு கொம்பியூட்டர்க் கடையில் வேலை. மாமன் வாசலில் குந்தியிருந்த விதத்தைப் பார்த்துச் செத்தவீடோ என்று பயந்துவிட்டாள்.

"நாய் கொண்டுபோட்டுது பிள்ளை."

"என்னத்தை மாமா?"

"என்ரை தொண்டை."

சறோஜினிதேவி விளக்கம் சொன்னாள். நிலக்சனா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "கடையெல்லாம் பூட்டியாச்சு, நாளைக்குப் போயா லீவு. மவுஸுக்கு வழியில்லை. ஆனால் மவுஸ் இல்லாமலே செய்யலாம்" என்று லப்டொப்பை மடியில் வைத்தாள். விசைகளை மட்டும் தட்டித் தட்டிப் பிறவுசரில் எதையோ சேர்த்தாள்.

"இதுக்குப் பேர் எக்ஸ்ரென்சன் மாமா. பிறவுசரோடை ஒட்டிக்கொண்டு இருக்கும். இந்த மூலைக் கீயை அமத்தினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதிலை என்ன செய்யவேணும் எண்டு ஒரு சொல் அடிச்சு, எண்டர் தட்டினால் சரி. அது செய்யும்."

"ஆர் செய்யிறது?"

"அதுதான்."

இலட்சுமணன் மூலைக் கீக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். மறக்காமல் இருக்கவும் ஆச்சு, பூசை செய்ததும் ஆச்சு.

"எந்தச் சொல்லையும் நாங்களே வைக்கலாம். 'புதுசு' எண்டு அடிச்சால், என்ன வேலை, என்ன சொல் எண்டு கேக்கும். இப்ப சத்தத்தை நிப்பாட்டுறதுக்கு 'நில்' எண்டு வைப்பமே?"

இலட்சுமணன் திடுக்கிட்டார். "கோயிலுக்குள்ளை இருந்துகொண்டு நில் எண்டு சொல்லுறதே? அது நான் வச்ச வேலைக்காரனே?"

"அது மெஷின் மாமா."

"மெஷின் எண்டாலும் சாமிக்கு வேலை செய்யிற மெஷின். 'கொஞ்சம் பொறுங்கோ' எண்டு வையும்."

"ஐயோ, நீளம். அவசரத்துக்கு அடிக்கேலாது."

"மரியாதைக்கு நீளம் பாக்கிறதே பிள்ளை?"

அப்படியே ஒவ்வொன்றாய் வைத்தார்கள். அடுத்த பாட்டுக்குப் போக, "அடுத்ததுக்கு வாங்கோ." முதல் போட்டதைத் திரும்பப் போட, "திரும்பவும் ஒருக்கா, குறைநினையாதேங்கோ." பக்கத்தை மூடுவதற்கு நிலக்சனா 'மூடு' என்றாள். இலட்சுமணன் காதைப் பொத்தினார். திருவிழாக் கோயிலில் மூடு, போ என்று யாராவது சொல்வார்களா? வந்தவரை வழியனுப்புவதுபோல "போட்டு வாங்கோ" என்று வைத்தார்கள்.

ஒரு விரலால் தேடித் தேடி அடித்துப் பழகினார். முதல் தரம் அடித்து முடியும் முன் விளம்பரம் முடிந்து, பாட்டும் முடிந்து, சறோஜினிதேவி குசினியில் புட்டையும் அவித்து முடித்திருந்தாள். போகப் போகக் கை ஓடியது. அவருடைய கண்ணாடி சரியில்லை என்று நிலக்சனா இன்னொரு வசதியும் செய்தாள். சொல்லை அடித்து எண்டர் தட்டியதும், வேலையைச் செய்துவிட்டு, அந்தச் சொல்லையே ஒரு பெண்குரல் வாசித்துக் காட்டும்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றது லப்டொப், தேன் மாதிரி.

இலட்சுமணன் உருகிப்போனார். "இஞ்சாரும், கேட்டீரே? என்ன பணிவான பிள்ளை!"

"இருபது வருசமா நானும் இந்த வீட்டிலை பணிவாத்தான் கதைக்கிறன்" என்றாள் சறோஜினிதேவி, அகப்பையை ஆட்டிக்கொண்டு.

"இந்த முறை இதாலை சமாளியுங்கோ. அடுத்த கிழமை வந்து பாட்டெல்லாம் இறக்கித் தாறன், பேந்து விளம்பரமே வராது" என்று சொல்லிவிட்டு நிலக்சனா கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.

லப்டொப்பில் கேட்கும் சத்தமெல்லாம் வயர் வழியே பனை உச்சிக்கும் போகும் என்ற விசயம், வயரோடே வாழ்ந்த மனுசனுக்கு அன்று ஞாபகம் வரவில்லை. வைரவர் விளையாட நினைத்தால் யார் என்ன செய்ய முடியும்!

மடை நாள். கோயில் நிறையச் சனம். இலட்சுமணன் பக்கத்துக் கொட்டிலில் லப்டொப்புக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தார். ஐயருடைய மைக்கும் அதே ஆம்பிளிபயரில்தான், ஆகவே அதை நிற்பாட்ட முடியாது. ஐயர் பெரிய தீபத்தை எடுத்தார். மணி அடித்தது. தவில் முழங்கியது. எல்லோரும் தலைகுனிந்து கும்பிட்ட அந்த நேரத்தில் பாட்டு முடிந்து, பனையிலிருந்து ஒரு குரல் கேட்டது:

"உங்கள் தலையில் பேன் ஓடுகிறதா?"

முன்வரிசையில் இருந்த இரண்டொருவர் தங்களை அறியாமலே சொறிந்தார்கள். அம்பலவாணர் கொட்டில் பக்கம் கழுத்தைத் திருப்பினார். இலட்சுமணன் வைரவா என்று சந்தனப் பொட்டை அமத்தி, ஒரு விரலால் அடித்து, எண்டரைத் தட்டினார். விளம்பரம் கப்பென்று நின்றது. அவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அப்போது பனை உச்சியிலிருந்து அந்தத் தேன் குரல் ஊருக்கே சொன்னது:

"கொஞ்சம் பொறுங்கோ."

சனம் பொறுத்தது. ஐயர் தூக்கிய தீபத்தோடு அப்படியே நின்றார். தவில்காரருடைய கை மேலே நின்றது. திருநீறு பூசப் போனவருடைய விரல் நெற்றிக்குப் பக்கத்தில் நின்றது. வெளியே றோட்டில் வந்த உழவு மெஷின்கூட பிறேக் போட்டு நின்றது. கோயிலில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது.

ஐயருடைய கை சூட்டில் நடுங்கத் தொடங்கியதை இலட்சுமணன் கண்டார். ஏதாவது பாட்டு வந்தால் எல்லாம் ஓடத் தொடங்கும் என்று நினைத்தார். அடித்தார்.

"அடுத்ததுக்கு வாங்கோ" என்றது பனை.

ஐயர் பெருமூச்சு விட்டுத் தீபத்தை வைத்துவிட்டு அடுத்த பூசைக்குப் பிள்ளையாரிடம் போய்விட்டார். சனமும் திரும்பியது. பின்னால் நின்ற பெண்கள், "தீபமே காணேல்லை, அதுக்குள்ளை என்ன அடுத்தது?" என்று முணுமுணுத்தார்கள். இதற்கிடையில் வந்த பாட்டோ கலியாணப் பாட்டு. மணமகளே வா என்கிற மாதிரி. இலட்சுமணன் வியர்த்துப்போய்ப் பழைய பாட்டைத் தேடினார்.

"திரும்பவும் ஒருக்கா, குறைநினையாதேங்கோ."

ஐயர் பிள்ளையாரை அரைவாசியில் விட்டுவிட்டுத் திரும்ப வந்து, தீபத்தை முதலிலிருந்து காட்டினார். இந்த முறை ஆறுதலாக, பின்வரிசைக்கும் தெரியும்படி. முன்னால் நின்றவர்கள் குனிந்து வழிவிட்டார்கள்.

"குறைநினையாதேங்கோ எண்டு எவ்வளவு பண்பாக் கேக்குது! ஆரடி அந்தப் பிள்ளை?" என்றாள் ஒருத்தி.

"லவுட்ஸ்பீக்கரின்ரை மருமகளாக்கும். ரவுணிலை படிச்ச பிள்ளை" என்றாள் மற்றவள்.

சறோஜினிதேவி மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் குலுங்கினாள். அவளுக்கு அந்தக் குரலைத் தெரியும்.

அம்பலவாணர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டிலை நோக்கி வந்தார். அதே நேரம் ஐயர் வடைமாலையோடு ஸ்டூலில் ஏறினார். நல்ல பாரமான மாலை. அதை வைரவருக்குச் சாத்தக் கையை உயர்த்தினார். பாட்டு முடிந்தது. இலட்சுமணன் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் காதை மூட முடியவில்லை.

"சூடான, காரமான ஆட்டிறைச்சிக் கொத்து ரொட்டி! இன்றே..."

இலட்சுமணன் பொட்டை அமத்தினார். விரல் 'கொ' வரை போனது. நின்றது. கொஞ்சம் பொறுங்கோ என்றால் ஐயர் பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டூலில் நிற்பார், மனுசன் விழுந்துவிடுவார். அடுத்ததுக்கு வாங்கோ என்றால் வைரவருக்கு மாலை இல்லை. திரும்பவும் ஒருக்கா என்றால் மூன்றாம் தரமும் தீபம். போட்டு வாங்கோ என்றாலோ, இந்தச் சனம் இப்படியே எழும்பி வீட்டுக்குப் போய்விடும். வடையெல்லாம் கறுப்பனுக்குத்தான்.

"இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்!" என்றது பனை.

"வைரவா, ஒரு சொல் தாரும்" என்று மனதுக்குள் சொல்லி, இலட்சுமணன் 'புதுசு' என்று அடித்தார். என்ன வேலை என்று பெட்டி கேட்டது. பக்கத்தை மூடுவது. என்ன சொல் என்று கேட்டது. ஒரு விரலால் அடிக்கத் தொடங்கினார். மாலை சாத்தியாச்சு. வடை குடுக்கினம்.

அம்பலவாணருடைய மூச்சு அவருடைய கழுத்தில் பட்டது.

"என்ன செய்யிறீர்? கோயிலே இது, கொத்துக் கடையே?"

"அண்ணை, ஒரு நிமிசம், உந்த விளம்பரத்தை அனுப்பிவிடத்தான் அண்ணை அடிக்கிறன்."

அம்பலவாணர் மூக்குக்கண்ணாடியை இறக்கி வாசித்தார். "வடை குடுக்கினம்" என்று வாசித்தவருடைய முகம் மாறியது. ஒவ்வொரு வருசமும் வடை கொடுக்கும்போதுதான் அந்தக் கோயிலில் பெரிய தள்ளுமுள்ளு நடக்கும். போன முறை அந்த நெரிசலில் அவருடைய சால்வையே காணாமல் போனது. பனையை ஒருமுறை பார்த்தார். சனத்தை ஒருமுறை பார்த்தார்.

"உது சொன்னால் சனம் கேக்குது, என்ன?"

"ஓம் அண்ணை. கேட்டுப்போட்டுதுகள்."

"அப்ப 'தள்ளுப்படாமல்' எண்டு போடும்."

"போடுறன் அண்ணை."

"'பிள்ளையள் முன்னுக்கு.' அதையும் போடும். 'ஆளுக்கு ஒரு வடை.' நில்லும், நில்லும், 'ஆற்றையும் சால்வையைப் பிடிச்சு இழுக்காதேங்கோ.'"

"சூடான, காரமான..." என்று பனை திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது.

"அவன் கத்தட்டும், நீர் அடியும்" என்றார் அம்பலவாணர்.

ஐயர் மாலையைச் சாத்தி இறங்கவும் இலட்சுமணன் எண்டரைத் தட்டவும் சரியாக இருந்தது. கொத்து ஒழிந்தது. பிறகு தேன் குரல்:

"மாலை சாத்தியாச்சு, வடை குடுக்கினம், தள்ளுப்படாமல் வரிசையா வாங்கோ, பிள்ளையள் முன்னுக்கு, ஆளுக்கு ஒரு வடை, ஆற்றையும் சால்வையைப் பிடிச்சு இழுக்காதேங்கோ."

சரவணை வைரவர் கோயிலில் அன்றுதான் வரிசை என்ற ஒன்றைக் கண்டார்கள். பிள்ளைகள் முன்னுக்கு, பெரியவர்கள் பின்னுக்கு, கையை நீட்டி, வடையை வாங்கி, ஒதுங்கினார்கள். பக்கத்தில் நின்றவருடைய சால்வை முட்டிவிடுமோ என்று சிலர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் வாங்கினார்கள். வரிசையின் கடைசியில் கறுப்பன் வந்தது, வாயில் மவுஸோடு. வடையைக் கண்டதும் மவுஸைக் கீழே போட்டது. இலட்சுமணன் எடுத்து இடுப்புச் சாரத்தில் துடைத்தார். வயர் பாதிதான் இருந்தது.

அம்பலவாணர் தன் சால்வையைத் தோளில் இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இலட்சுமணன், உப்பிடிக் கதைக்கிற பிள்ளை ஊர்காவற்றுறைப் பெடியளட்டை இருக்கே?"

"அவை 'நில்' எண்டுதான் அடிப்பினமாக்கும் அண்ணை."

"அப்ப வேண்டாம். மரியாதை தெரியாத மெஷின் எங்களுக்கு என்னத்துக்கு? நீரே போடும். அடுத்த முறையும் நீர்தான்."

இலட்சுமணன் மூலத்தானத்தின் பக்கம் திரும்பி, அறுந்த வயரைப் பிடித்த கையோடு கும்பிட்டார். அவருக்குக் கிடைத்த வடையில் அரைவாசியைக் கறுப்பனுக்குக் கொடுத்தார்.

பொழுது சாய்ந்தது. லப்டொப்பை மடிக்கப் போன நேரம் சறோஜினிதேவி ஓடிவந்தாள்.

"இஞ்சாருங்கோ, சனம் எழும்புது இல்லை."

"ஏனாம்?"

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையாம்."

எட்டிப் பார்த்தார். கோயில் வீதி மணலில் சனம் அப்படியே இருந்து பனை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐயரும் பையைத் தோளில் போட்டபடி நின்றார். இலட்சுமணன் திரும்ப இருந்தார். சந்தனப் பொட்டை அமத்தினார். இந்த முறை ஆறுதலாக ஒவ்வொரு எழுத்தாய் அடித்தார்.

"போட்டு வாங்கோ" என்றது பனை.

"ஓம் பிள்ளை, போட்டு வாறம்" என்று பனையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சனம் மணலைத் தட்டிக்கொண்டு எழும்பியது.